கையெழுத்து வாங்கிவிட்டால் நியாயம் தீர்ந்துவிடுமா?

தமிழ்நாட்டின் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வெளியிடும் ஆள்தேர்வு அறிவிப்புகளில், ஊதியப் பட்டியலுக்குக் கீழே சில நிபந்தனைகள் தவறாமல் இடம்பெறும். இந்தப் பணி முற்றிலும் தற்காலிகமானது. எந்தக் காலத்திலும் நிரந்தரம் செய்யப்பட மாட்டாது. இதற்குச் சுயவிருப்பத்துடன் சம்மதிப்பதாக எழுதிக் கையொப்பமிட்டு, பணியில் சேரும்போது கொடுக்க வேண்டும். நான்கரை ஆண்டுகள் படித்து இயன்முறை மருத்துவப் பட்டம் பெற்ற ஒரு பெண், தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலோ அரூரிலோ மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீடு வீடாகப் போய்ப் பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி உட்காரவைக்கும் வேலைக்கு வரும்போது, அரசு அவரிடம் முதலில் கேட்டு வாங்குவது இந்தக் கடிதத்தைத்தான். பல மாவட்ட அறிவிப்புகளில் அந்த வேலைக்குக் குறித்திருந்த தொகுப்பூதியம் மாதம் 13,000 ரூபாய்.

சம்பளம் போதவில்லை, மகப்பேறு விடுப்பு இல்லை, அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியவில்லை என அவர்கள் வாய் திறந்தால் எதிர்த்தரப்பு நீட்டுவதும் இதே கடிதத்தைத்தான். எல்லாம் தெரிந்துதானே சேர்ந்தீர்கள் என்கிறார்கள். இது காலவரையறை உள்ள திட்டம், நிரந்தரப் பணியிடம் அல்ல என்கிறார்கள். உச்ச நீதிமன்றமே கதவை மூடிவிட்டது என்கிறார்கள். மலைக்கிராமத்து ஏழைக்குச் செய்யும் தொண்டில் கணக்குப் பார்க்கலாமா என்கிறார்கள். கடைசியில், பணம் எங்கே என்கிறார்கள். அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த ஐந்து வாதங்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொன்றும் பொய். அதனால் நோகப்போகிறவர்கள் சிகிச்சையாளர்கள் மட்டும் இல்லை என்பதால் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சம்மதம். சம்மதம் என்று சொல்ல வேண்டுமானால் மறுக்க இடம் இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுப்பது அரசு. ஆண்டுதோறும் பட்டதாரிகளை வெளியே அனுப்புவது அரசின் மருத்துவப் பல்கலைக்கழகம். அரசு மருத்துவமனைகளுக்கு நிரந்தர ஆட்களைத் தேர்ந்தெடுக்க 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்ததும் அரசு. அந்த வாரியம் இயன்முறை மருத்துவர் பணியிடங்களுக்கு எப்போதாவதுதான் அழைக்கிறது. அழைத்தாலும் இடங்கள் சொற்பம். படிப்பைப் பெருக்கிவிட்டு, பணியிடத்தைச் சுருக்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே வாசலில் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் அதைச் சுயவிருப்பம் என்று எழுதச் சொல்கிறார்கள். இந்தச் சொல்லை எழுதவைப்பதே ஒரு கொடுமை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த பெண், கல்விக் கடன் தவணை தலைக்கு மேல் நிற்கும்போது, தன் உரிமையைத் தன் கையாலேயே மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. 1986-இல் மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகத்துக்கும் பிரஜோநாத் கங்குலிக்கும் இடையிலான வழக்கில், பேரம் பேசும் வலு துளியும் சமமில்லாத இருவருக்குள், வலுத்தவர் நீட்டிய தாளில் எளியவர் போட்ட கையெழுத்து அநியாயமான நிபந்தனையை நியாயமாக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜீத் சிங்குக்குமான வழக்கில், ஒரே வேலையைச் செய்கிற தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியருக்கான ஊதிய விகிதத்தின் தொடக்க நிலையையாவது கொடுக்க வேண்டும் என்றது. குறைந்த கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொள்வது குடும்பத்துக்குச் சோறு போடுவதற்காக, மனமுவந்து அல்ல என்பதை அந்தத் தீர்ப்பு விளக்கமாகவே சொன்னது. இந்தத் தீர்ப்பு வந்து ஐந்தாவது ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருப்பவரின் அடிப்படைச் சம்பளத்தில் பாதிகூட வராத தொகையை அதே பட்டத்துக்குக் குறித்து, அதற்குச் சம்மதக் கடிதமும் வாங்கியிருக்கிறார்கள். 26 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய். அவர் வேலைக்குப் போகும் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் கொத்தனாரின் நாள்கூலி இதைவிட அதிகம். கொத்தனாரின் கூலி நியாயமானது. அதைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கிடைக்கும் பேர வலிமைகூட ஒரு பட்டதாரிச் சிகிச்சையாளருக்குக் கிடைக்காதபடி செய்துவிட்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

இரண்டாவது வாதம், திட்டம் தற்காலிகமானது என்பது. தருமபுரி மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல எப்படி மனம் வருகிறது என்று தெரியவில்லை. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிவது வெளியே தெரியும் பாதி மட்டுமே. பல ஆண்டுகள் அந்த நீரைக் குடித்தவர்களின் எலும்பிலும் மூட்டிணைப்பிலும் அது படிந்து, முதுகு விறைத்து, முழங்கால் மடங்காமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆகிவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியுடன், 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. காவிரி நீர் இனி வரும் தலைமுறையைக் காக்கும். ஏற்கெனவே எலும்பில் ஏறிவிட்டதை எந்த நீரும் இறக்காது. அந்த உடலோடு வாழ்கிறவருக்கு வலியைக் குறைத்து, அசைவைக் காப்பாற்றிக் கொடுப்பது தொடர்ந்த பயிற்சிதான். ஆயுள் முழுக்க நீடிக்கும் நோய்க்கு 11 மாத ஒப்பந்தம் போடுகிறார்கள்.

புளோரைடு ஒன்று மட்டும் இல்லை. இந்த மாவட்டத்து ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் போகிறார்கள். சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர் திரும்பி வருவது நல்லம்பள்ளிக்கோ பாலக்கோட்டுக்கோ மொரப்பூருக்கோதான். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் கிராமத்துக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவற்றின் பின்னாலேயே பக்கவாதமும் வந்துவிட்டது. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைக்குப் பயிற்சி ஓராண்டோடு முடிவதில்லை. உலகம் முழுவதும் 240 கோடிப் பேர் மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய உடல்நிலையோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தத் தேவை எந்த நிதியாண்டின் மார்ச் மாதத்தோடும் முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, மறுவாழ்வுச் சேவைகளை மேற்கொள்ளும் பொறுப்பை அரசுகள் மீதும் உள்ளாட்சிகள் மீதும் சுமத்தியிருக்கிறது. சட்டம் நிரந்தரக் கடமை என்று வைத்த ஒன்றை, ஒரு திட்டத்தின் பெயரைச் சூட்டித் தற்காலிகம் ஆக்கிவிட முடியாது.

இதே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1981-இல் ஒரு சட்டம் இயற்றியது. தொழில் நிறுவனம் ஒன்றில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். தனியார் முதலாளி ஆளை மாற்றி மாற்றி வைத்து ஏமாற்றக் கூடாது என்று சொன்ன அரசு, தன் சொந்த வேலைக்கு வரும்போது சங்கம், திட்டம், முகமை, தொண்டு நிறுவனம் என்று ஒன்றின் பின் ஒன்றாக மறைந்துகொள்கிறது. ஆலை முதலாளி செய்தால் குற்றம், அரசு செய்தால் நிர்வாகம் என்று ஒரே செயலுக்கு இரண்டு நீதி வைத்திருக்கிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் தொடங்கியது. இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரி வரை எங்கள் தருமபுரி மாவட்டத்து ஊர். நோயாளியின் வீட்டுக்கே மருந்தும் சிகிச்சையும் போக வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்த எண்ணம். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, நோய்த்தணிப்புச் சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகள் என்று அது சுமக்கும் பொறுப்புகள் உண்மையானவை. 2024-இல் தொற்றாநோய்களுக்கான ஐக்கிய நாடுகளின் பணிக்குழு அதற்கு விருது கொடுத்தது. நான் மதிக்கிற திட்டம் அது. அதனால்தான், அந்த விருதையும் பயனாளிகளின் எண்ணிக்கையையும் காட்டி, இவ்வளவு நன்றாக நடக்கிறதே, பிறகு எதற்கு ஊழியர்களின் குறை என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

மாத்திரைக்கு எண்ணிக்கை பொருந்தும். இத்தனை பேருக்கு இத்தனை மாத்திரை போய்ச் சேர்ந்தது என்றால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. மறுவாழ்வுச் சிகிச்சையில் ஒரு வீட்டுக்குப் போய் வந்தோம் என்பது வேலையின் தொடக்கம் மட்டுமே. பக்கவாதம் வந்தவருக்கு முதல் மூன்று மாதம், ஆறு மாதம்தான் மூளை வேகமாக மறுபடி கற்றுக்கொள்ளும் காலம். அந்தக் காலத்தில் ஒரே அசைவை நூறு முறை, இருநூறு முறை செய்யவைக்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கும் வீட்டாருக்கு, அப்படிச் செய்தால் தோள்மூட்டு நழுவிவிடும் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலின் பள்ளத்தில் கிடந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கியபடியே இறுகிவிடும். அதற்கு என்ன மாற்று என்று அந்த வீட்டில் இருப்பதைக் கொண்டே யோசிக்க வேண்டும். கணுக்கால் கீழ்நோக்கி விறைத்துவிட்டால், பிறகு கால் தரையில் படியாது, நடை போய்விடும். மண் தரையில் வாக்கர் எங்கே தடுக்கும், கழிப்பறைக்குப் போகும் வழியில் எத்தனை படி, மருமகளால் மாமனாரைத் தனியாகத் திருப்பிப் படுக்கவைக்க முடியுமா, முடியாதென்றால் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி. இதில் எதுவும் படிவத்தின் கட்டத்தில் ஏறாது.

இவற்றையெல்லாம் ஒருவர் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகும். அவர் கற்று முடிக்கும் வேளையில் ஒப்பந்தம் முடியும். புதுப்பிப்பார்கள் என்று நம்பி இருப்பார். அல்லது பெங்களூரில் வீட்டுச் சிகிச்சை நிறுவனம் ஒன்றில் இதைவிடக் கூடுதல் கிடைக்கிறது என்று போய்விடுவார். புதிதாக வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரியவர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார். மூளை முடக்குவாதமுள்ள மூன்று வயதுக் குழந்தை புதிய கை பட்டாலே உடலை விறைத்துக்கொண்டு அழும். அந்தக் குழந்தை ஒரு கையை நம்பித் தன் இடுப்பைத் தளர்த்த எத்தனை வாரங்கள் ஆனதோ, அத்தனை வாரங்களும் வீண். வேலையின் நிலையின்மை சிகிச்சையாளரின் சொந்தப் பிரச்சினை என்று சொல்கிறவர்கள் இந்த வாரங்களுக்குப் பதில் சொல்லட்டும். குழந்தையின் இடுப்பு மூட்டு நழுவிப்போனால், அது நிதியாண்டு முடிந்ததால் நடந்தது என்று எந்தத் தாயிடம் போய்ச் சொல்வார்கள்?

மூன்றாவது வாதத்துக்கு, உச்ச நீதிமன்றம் கதவை மூடிவிட்டது என்று உமாதேவி தீர்ப்பைக் காட்டுகிறவர்களுக்கு வருகிறேன். 2006 ஏப்ரலில் கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்குமான வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது, கொல்லைப்புறமாக, தேர்வு இல்லாமல் நுழைந்தவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்பதே. சட்டவிரோதமான நியமனம் வேறு, நடைமுறையில் குறையுள்ள நியமனம் வேறு என்றும் அதே தீர்ப்பு பிரித்தது. பத்தாண்டுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் உழைத்தவர்களை ஒருமுறை பரிசீலிக்கச் சொன்னது. அனைத்துக்கும் மேலாக, நிரந்தரத் தேவைக்குத் தற்காலிகமாக ஆள் வைத்துக்கொண்டே போங்கள் என்று அது எந்த அரசுக்கும் உரிமம் கொடுக்கவில்லை. அறிவிப்பு வெளியிட்டு, சான்றிதழ் சரிபார்த்து, நேர்காணல் வைத்து, இனச்சுழற்சி பார்த்து எடுத்த ஒரு சிகிச்சையாளரைப் பார்த்து நீ கொல்லைப்புறமாக வந்தவள் என்று சொல்ல இவர்களுக்கு வெட்கமாக இல்லையா? முன்வாசலில் தாங்களே நின்று அழைத்தார்கள்.

உமாதேவிக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் வாயை மூடிக்கொண்டிருக்கவும் இல்லை. 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டுகள் துப்புரவும் தோட்டவேலையும் பார்த்து வெளியே தள்ளப்பட்டவர்களைத் திரும்ப எடுத்து நிரந்தரமாக்கச் சொன்னது. உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளர்களுக்கு எதிரான ஆயுதமாக அரசுத் துறைகள் பயன்படுத்துவதை அந்தத் தீர்ப்பு கண்டித்தது. 2025 ஆகஸ்ட் 19 அன்று தரம் சிங் வழக்கில், அரசு என்பது வெறும் சந்தை முதலாளி அல்ல, அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்ட முதலாளி என்றும், அன்றாடப் பொதுப் பணியைச் செய்கிறவர்களின் முதுகில் வரவுசெலவை ஈடுகட்டக் கூடாது என்றும் சொன்னது. பழைய தீர்ப்பில் ஒரு பாதியை மனப்பாடம் செய்துவைத்து ஒப்பிக்கிறவர்கள் இவற்றை ஏன் வாசிப்பதில்லை? வாசித்திருக்கிறார்கள். தெரிந்தே மறைக்கிறார்கள்.

தொண்டு என்ற வாதம்தான் மிகவும் கீழானது. சம்பளம் கேட்பவரின் மனசாட்சியையே அவருக்கு எதிராகத் திருப்பிவிடும் வாதம் அது. தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவம் எப்படி வளர்ந்தது என்று இவர்கள் பார்க்க வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சியிலிருந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. தசைநாண் மாற்று அறுவை முடிந்த கையை நோயாளி மறுபடி பயன்படுத்தக் கற்பது, வாரக்கணக்கில் உடன் அமர்ந்து பயிற்சி கொடுக்கும் சிகிச்சையாளரின் வேலை. அது நடக்காவிட்டால் அறுவை வீண் என்பது அந்த நிலையத்தின் அடிப்படை அறிவு. ஆகவே அவர்கள் சிகிச்சையாளரை அணியின் நிலையான உறுப்பாக வைத்துக் கட்டினார்கள். அர்ப்பணிப்பு என்றால் அது. சிகிச்சையாளரின் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர் சூட்டியவர் யாரும் அங்கே இல்லை.

தொண்டு பேசுகிறவர்கள் தங்கள் சம்பளக் கமிஷனைத் தொண்டுக்கு விட்டுக்கொடுத்தார்களா? மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து பயணத் திட்டத்தில் கையெழுத்திடுபவருக்கு அகவிலைப்படி உண்டு, ஈட்டிய விடுப்பு உண்டு. வத்தல்மலைக்கும் சித்தேரிக்கும் ஏறி இறங்குகிறவரிடம் மட்டும் தியாகம் கேட்கிறார்கள். 70 கிலோ எடையுள்ள, ஒரு பக்கம் செயலிழந்த மனிதரைத் தரைமட்டப் பாயிலிருந்து தனியாக எழுப்பும் வேலை யாருடைய முதுகில் இறங்குகிறது என்று யோசித்தார்களா? உலகெங்கும் இயன்முறை மருத்துவர்களை வருத்தும் முதல் தொழில்வழி நோய் இடுப்புவலி. மருத்துவமனையில் உயர்த்தி இறக்கும் கட்டில் இருக்கும். கூடப் பிடிக்க ஆள் இருக்கும். வீட்டுச் சிகிச்சையில் இருப்பது அவருடைய உடல் மட்டுமே. அந்த உடல் போய்விட்டால் தொகுப்பூதியத்தில் என்ன பாதுகாப்பு?

இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தமிழ்நாடு அரசு தன் நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு கொடுக்கிறது. நல்ல முடிவு, நாட்டுக்கே முன்னுதாரணம். அதே ஆண்டு அடுத்த மாதம் தொடங்கிய திட்டத்தில் ஒப்பந்தக் காலமே 11 மாதம். கருவுற்ற பெண்ணுக்கு ஒப்பந்தம் முடியும் தேதியும் பிரசவத் தேதியும் ஒன்றையொன்று துரத்தும். ஒப்பந்தம் முடிந்தால் விடுப்பும் முடிந்தது என்ற வாதத்தை 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிராகரித்துவிட்டது. ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் மகப்பேற்றுப் பயன்கள் தொடர வேண்டும் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவரும் ஒப்பந்தத்தில் பணிபுரிந்த ஒரு மருத்துவர். தாய்சேய் நலத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிற சுகாதாரத் துறைக்கு, தன்னிடம் வேலை பார்க்கும் தாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தருமபுரிக்கு யாரும் வந்து நிலைக்க மாட்டார்கள், ஆகவே ஒப்பந்த முறைதான் சாத்தியம் என்று ஒரு கிளை வாதமும் உண்டு. காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். அரூர் வட்டத்துச் சிட்லிங்கியில் 1993-இல் ரெஜி, லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு குடிசையில் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் இளம்பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. உள்ளூர் ஆளுக்கு மதிப்பும் நிலையான இடமும் கொடுத்தால் மலையடிவாரத்திலும் நிலைப்பார்கள். 13,000 ரூபாயும் 11 மாதமும் கொடுத்துவிட்டு, ஆள் நிற்கவில்லை என்று மாவட்டத்தின் மீது பழி போடுவது எங்கள் ஊரை அவமதிப்பது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்ற மாவட்டம் இது. இங்கே படித்து மேலே வரும் பிள்ளைகள் இங்கேயே வேலை பார்க்க விரும்புகிறார்கள். விரட்டுவது ஊர் அல்ல, ஒப்பந்தம்.

இனிப் பணம். ஒன்றிய அரசின் நிதி வந்தால்தான் சம்பளம், எங்கள் கையில் இல்லை என்பது மாநில அதிகாரிகளின் வழக்கமான பதில். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இதே நியாயத்தை எதிர்ப்பக்கமாக நின்று மாநில அரசு பேசியிருக்கிறது. அந்தத் திட்டத்தில்தான் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீட்டுக்குப் போகிறார்கள். பிஎம் ஸ்ரீ பள்ளிகள் தொடர்பான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-க்கான 2,151 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பணியாளர் சம்பளம் தடுமாறியது. கையெழுத்திடு, இல்லையென்றால் பணம் இல்லை என்பது மிரட்டல் என்றது தமிழ்நாடு. 32,000-க்கும் மேற்பட்ட பணியாளர்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. சரியான வழக்கு, நானும் அந்தப் பக்கம்தான். அதனால்தான் கேட்கிறேன்: நிதியைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பது டெல்லி செய்தால் மிரட்டல் என்றால், வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பது தருமபுரியில் எப்படிச் சம்மதம் ஆகும்? 32,000 பேரின் துன்பத்தை வழக்கில் சான்றாக வைக்கத் தெரிந்தவர்களுக்கு, வழக்கு இல்லாத நாட்களில் அவர்கள் கண்ணில் படுவதில்லையா?

பணம் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் திட்டத்துக்கு 2022-இல் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் கொடுத்தது. தருமபுரி உட்பட மாநிலம் முழுவதற்குமான திட்டம். சிகிச்சையாளர்களை நேரடியாகத் துறையில் எடுக்காமல், தொண்டு நிறுவனங்களின் வழியாகச் சேவை மையங்களை நடத்தும் முறை அதில் இருக்கிறது. துறையைக் கேட்டால் நிறுவனத்தைக் காட்டலாம்; நிறுவனத்தைக் கேட்டால் துறையின் நிதியைக் காட்டலாம். இடையில் சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்பார்.

ஆனால் அந்தக் கடனுக்கு நிபந்தனைகள் உண்டு. 2018 அக்டோபருக்குப் பிறகு தொடங்கும் உலக வங்கி முதலீட்டுத் திட்டங்களுக்குப் பத்துச் சுற்றுச்சூழல், சமூகத் தரநிலைகள் பொருந்தும். அவற்றில் இரண்டாவது, தொழிலாளர் மற்றும் பணிச் சூழல் பற்றியது. நேரடி ஊழியர்களுக்கு மட்டுமல்ல, திட்டத்தின் மையப் பணியை மூன்றாம் தரப்பு மூலம் செய்யும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் அது பொருந்தும். வேலை நிபந்தனைகள் எழுத்தில் தெளிவாகக் கொடுக்கப்பட வேண்டும். ஊதியம் உரிய காலத்தில் வர வேண்டும். நாட்டின் சட்டப்படியான ஓய்வும் மகப்பேறு விடுப்பும் கிடைக்க வேண்டும். சங்கம் சேரும் உரிமையை நாட்டின் சட்டம் ஏற்கிற இடத்தில் மதிக்க வேண்டும். ஊழியர்களுக்கென்று தனிக் குறைதீர் ஏற்பாடு இருக்க வேண்டும், அதைப் பற்றி வேலைக்குச் சேர்க்கும்போதே சொல்ல வேண்டும், புகார் கொடுத்தவர் பழிவாங்கப்படக் கூடாது. கடன் வாங்கும் அரசு தொழிலாளர் மேலாண்மை நடைமுறை என்று ஓர் ஆவணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் தமிழ்நாடு அரசு சம்மதித்துத்தான் கடனை வாங்கியது. எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று சிகிச்சையாளர்களிடம் ஓயாமல் சொல்லும் எதிர்த்தரப்பு, இந்த எழுத்துக்கும் கட்டுப்பட வேண்டும்.

தருமபுரியிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அந்த மையங்களில் வேலை பார்க்கும் சகோதரிகளும் சகோதரர்களும் அந்தத் தொழிலாளர் மேலாண்மை நடைமுறை ஆவணத்தைத் தமிழில் கேளுங்கள். தனியாக வேண்டாம், பத்துப் பேராகச் சேர்ந்து, எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். குறைதீர் அலுவலர் யார், எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்பதால், விண்ணப்பத்தை அந்தச் சட்டத்தின் பெயரிலேயே எழுதுங்கள்.